அண்ணாச்சி இல்லாத சிராங்கூன் சாலை

முதல் நாள்: திருச்சி – சாங்கி

நேற்றிரவு திருச்சியில் விமானம் ஏறி, ஏறக்குறைய 4 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இன்று விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். 1994ஆம் ஆண்டு சென்னையிலிருந்து முதல் முறையாக இந்நகருக்கு வந்ததிலிருந்து எத்தனை தடவை வந்து போயிருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வருகைக் கூடத்தின் தடுப்புக் கம்பிக்கு அப்பால், இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அரைக்கைச் சட்டைப் பையில் பேனாவும் கையடக்கக் குறிப்பேடும் தெரிய, ஒரு மனிதர் எனக்காகக் காத்து நிற்பார். இன்று அந்த இடத்தில் அவருடைய மகள் நின்றிருந்தாள். "வாங்க சித்தப்பா" என்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் பேச இயலாமல் இருவரும் வாகன நிறுத்துமிடம் வரை நடந்தோம்.

நான் விருதுநகரில் மிளகாய் வத்தலும் மல்லியும் மஞ்சளும் வாங்கி அனுப்பும் வணிகன். அவர் எங்கள் ஊரிலிருந்து 1980களில் கடைச் சிப்பந்தியாகச் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தமாக மசாலைச் சரக்குக் கடை வைத்து, இந்நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்து மறைந்தவர். 2001ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். வயதில் மூத்த வணிகரை அண்ணாச்சி என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னைத் தம்பி என்றார். ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பதால் இந்தக் குறிப்புகளிலும் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. நம்மூரில் காலை 5.30 ஆகும்போது இங்கே 8 மணி. 23 ஆண்டுகளாக அந்த நேரத்துக்கு என் வீட்டில் தொலைபேசி ஒலிக்கும். வரத்து எப்படி, விலை என்ன, மழை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே வீட்டு நலம் விசாரிப்பார். சென்ற ஆண்டு இதே மாதத்தில் ஒரு நாள் அது ஒலிக்கவில்லை. 6 மணி வரை பொறுத்துவிட்டு நானே அழைத்தேன், எடுத்தது மகள். கடைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்திருக்கிறது. அப்போது என் கடவுச்சீட்டு புதுப்பிப்பதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதனால் இறுதிச் சடங்குக்கு வர முடியாமல், கைப்பேசித் திரையில் பார்த்து அழுததோடு என் கடமை முடிந்துபோனது. அந்தக் குறை ஓராண்டாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது வந்திருப்பது இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, முதலாம் ஆண்டு நினைவு நாள். மற்றொன்று, எங்கள் கூட்டு வணிகத்தின் கணக்கை முடிப்பது. பெட்டியில் சாத்தூர் காராச்சேவும் கருப்பட்டியும், துணியில் முடிந்த ஒரு கைப்பிடி முண்டு வத்தலும் இருக்கின்றன. வத்தல் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அந்த ஆண்டுச் சரக்கின் மாதிரியை அவர் கையில் கொடுப்பது வழக்கம் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

இரண்டாம் நாள்: தேக்கா

காலையில் தேக்காச் சந்தையிலிருந்து கடை வரை நடந்தேன். மூங்கில் புதர்களின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து தேக்கா என்ற பெயர் வந்ததாகவும், பக்கத்திலுள்ள எருமை ரோட்டுக்கும் மலாயில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோட்டுக்கும் அந்தக் காலத்து மாட்டுக் கொட்டில்களே காரணம் என்றும் எனக்குச் சொன்னவர் அண்ணாச்சிதான். 1994இல் அவர் என்னை இதே வழியில் கூட்டிவந்து, ஒவ்வொரு கடையின் முன்னும் நின்று, இவர் என்ன விற்கிறார், எங்கிருந்து வாங்குகிறார், எத்தனை நாள் கடன் கேட்பார் என்று மெல்லிய குரலில் விளக்கினார். ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். தொழில் கற்றுக் கொடுத்திருக்கிறார் என்பது பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. வீரமாகாளியம்மன் கோயிலைக் கடக்கும்போது, போர்க் காலத்தில் குண்டு விழுந்த நாட்களில் மக்கள் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார்கள் என்று சொல்லிக் கை கூப்புவார். இன்று நானும் அதே இடத்தில் நின்று கை கூப்பினேன்.

கடை ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வாசலில் ஐந்தடி நடைபாதை. அதில் காலை வேளையில் மூட்டைகளின் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். ஓராண்டாகப் பழைய சிப்பந்தி ஒருவர் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குத்தகைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. உள்ளே கல்லாவுக்கு மேலே அருகருகே இரண்டு சுவர்க் கடிகாரங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்று சிங்கப்பூர் நேரம் காட்டும்; மற்றொன்று விருதுநகர் நேரம். மின்கலம் தீரும் முன்பே மாற்றிவிடுவார் அண்ணாச்சி. இன்றும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

மூட்டையிலிருந்து ஒரு முண்டு வத்தலை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். முண்டு என்பது ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கங்களில் மானாவாரியாக விளையும் உருண்டை மிளகாய்; 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாகக் காய்ந்த முண்டைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். ஈரம் இருந்தால் ஊமையாக இருக்கும். அண்ணாச்சி முதலில் குலுக்கிக் கேட்பார். பிறகு காம்பைக் கிள்ளி அந்த இடத்தை முகர்வார். பிறகு தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடி போல் விதை தெரிகிறதா என்று பார்ப்பார். ஈரப்பதம் அளக்கும் கருவி வாங்கிய பிறகும் இந்த வரிசையை அவர் மாற்றவில்லை. கருவி 11 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினாலும் காது ஒப்புக்கொள்ளாத மூட்டையைத் தனியே தள்ளி வைத்துவிடுவார். அப்படித் தள்ளியவற்றை மறுநாள் மறுபடி அளந்து பார்த்த நாட்களில், பெரும்பாலும் அவர் காதே சரியாக இருந்தது.

யாருக்கு எந்த மிளகாய் என்பதிலும் அவர் தவறியதில்லை. சாம்பாருக்கும் சட்னிக்கும் முண்டு. மலாய்க்காரப் பெண்கள் சம்பல் இடிக்க நீட்டு வத்தல். நிறம் மட்டும் வேண்டுவோருக்குக் கர்நாடகத்துப் பேடகி. கிலோ கணக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் வயதான சீனப் பாட்டிமார் காட்டிக் கணக்கில் கேட்பார்கள். ஒரு காட்டி என்பது ஏறத்தாழ 600 கிராம். அரைக் காட்டிக்கு அவர் கை அள்ளும் அளவு தராசில் சரியாக நிற்கும்.

பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "உங்க கூட்டாளி போனதுக்கப்புறம் இந்தச் சந்தே சந்தாயில்லை" என்றார். நம்மூரில் கூட்டாளி என்றால் தொழிலில் பங்கு வைத்திருப்பவர். நாளிதழில் அந்தச் சொல் பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான் வரும். சிங்கப்பூர், மலேசியத் தமிழில் கூட்டாளி என்றால் நண்பன். பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்வார்கள். முதல் பயணத்தில் யாரோ ஒருவரிடம் அண்ணாச்சி என்னைக் கூட்டாளி என்று அறிமுகப்படுத்தியபோது, இன்னும் கூட்டே சேரவில்லையே என்று நான் திகைத்தேன். கூட்டு அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

மாலையில் ஈசூனில் உள்ள அவர்களுடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், தமிழ் முரசு நாளிதழில் வெளியிட வேண்டிய நினைவஞ்சலியின் வாசகத்தை மகள் எழுதிக் காட்டினாள். மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று வரிசை இருந்தது. "உங்களை எப்படிப் போடட்டும் சித்தப்பா? வணிகப் பங்குதாரர் என்றா, நண்பர் என்றா?" என்று கேட்டாள். கூட்டாளி என்று போடச் சொன்னேன். இந்த ஊரில் அந்த ஒரு சொல்லிலேயே இரண்டும் அடங்கிவிடுகின்றன.

மூன்றாம் நாள்: மண்டாய், மரினா சவுத் படகுத்துறை

மண்டாய் தகனச் சாலைக்கு இன்று போனோம். அங்கே எங்களுக்குக் காரியம் ஒன்றுமில்லை. நான் கைப்பேசியில் பார்த்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் மகள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். மரங்கள் அடர்ந்த சாலை, சத்தமில்லாத கட்டடம். கண்ணாடிக்கு இப்பால் குடும்பத்தார் நிற்க, அப்பால் பெட்டி நகர்ந்து போனதை மூன்று அங்குலத் திரையில் பார்த்தேன். அப்போது மருமகனின் கை நடுங்கியதால் படமும் நடுங்கியது. இன்று வேறொரு குடும்பம் அந்தக் கூடத்தின் வாசலில் நின்றிருந்தது. நாங்கள் உள்ளே போகாமல் சற்றுத் தள்ளி மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

அங்கிருந்து மரினா சவுத் படகுத்துறைக்கு வந்தோம். செயின்ட் ஜான், குசுத் தீவுகளுக்கு மக்கள் ஏறும் துறை இது. சென்ற ஆண்டு இங்கிருந்துதான் ஒரு படகை அமர்த்திக்கொண்டு அண்ணாச்சியின் அஸ்தியைக் கடலில் கரைக்கப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நினைத்த இடத்தில் அஸ்தி கரைக்க முடியாது. செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் தொலைவில் அதற்கென்று ஒரு கடற்பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். மகள் தென்மேற்குத் திசையைக் கை நீட்டிக் காட்டினாள். தீவு தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நங்கூரம் பாய்ச்சிய கப்பல்கள்தாம் தெரிந்தன.

அந்தக் கப்பல்களைப் பார்த்ததும் என் நினைவு வேறு பக்கம் போயிற்று. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் மாற்றி அனுப்பும் எங்கள் கொள்கலன்கள் வந்து சேர்ந்தது இந்தக் கடல் வழியேதான். சிங்கப்பூரின் முதல் கொள்கலன் கப்பல் 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது என்பதை, தாம் கண்ணால் கண்டதைப் போல அண்ணாச்சி சொல்லுவார். அந்த முனையத்தின் வேலைகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய், 2022இல் துவாஸ் துறைமுகம் திறந்தபோது, "நம் பெட்டி இனி எந்த வாசலில் வருமோ" என்று கேட்டார். நாற்பதாண்டுக் காலமாகக் கப்பல் வருகையை எதிர்பார்த்தே வாழ்ந்த மனிதர் இப்போது அந்தக் கப்பல்கள் போகும் நீரிலேயே கலந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

2007இல் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் அது என் தவறு. அந்த ஆண்டு கார்த்திகையில் தூத்துக்குடியில் விடாத மழை. கப்பல் தவறினால் பொங்கல் வியாபாரம் போய்விடும் என்ற அவசரத்தில், இரண்டு நாள் பொறுக்காமல் சரக்கை ஏற்றிவிட்டேன். மூட்டைகள் மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தன. நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. மூடிய கொள்கலனுக்குள் பகல் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி, இரவுக் குளிரில் தகரக் கூரையில் நீராகப் படிந்து, மறுபடி மூட்டைகளின் மேலேயே சொட்டும். பத்து நாள் இப்படி நடந்தால் போதும், பூஞ்சணம் பிடித்துவிடும். வத்தலில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சுக்குச் சிங்கப்பூரின் உணவு விதிகள் வைத்திருக்கும் வரம்பு நூறு கோடியில் ஐந்து பங்கு மட்டுமே.

கதவைத் திறந்தவுடனே வாடை வந்ததாம். அண்ணாச்சி ஒரு மூட்டையைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு கை அள்ளிக் குலுக்கியிருக்கிறார்; ஒன்றும் ஒலிக்கவில்லை. வெயிலில் உலர்த்தி, மேலாகத் துடைத்து, அரைத்துத் தூளாக்கினால் யாருக்கும் தெரியாது என்று அருகில் இருந்த ஒருவர் யோசனை சொன்னாராம். அண்ணாச்சி பரிசோதனைக்கு அனுப்பினார். வரம்பைத் தாண்டியிருப்பதாக முடிவு வந்தது. சரக்கு முழுவதையும் அழித்த பிறகு, மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எனக்குத் தொலைபேசி செய்தார். அன்றைக்கு விலை கேட்கவில்லை. "தம்பி, சரக்கு நனைஞ்சு போச்சு. அழிச்சுட்டேன். பாதி உன் பற்று, பாதி என் பற்று" என்றார். தவறு என்னுடையது, முழுவதையும் என் பற்றிலேயே எழுதுங்கள் என்று நான் கெஞ்சினேன். "அது நம் கடைச் சரக்குல்லா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு 17 ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த சரக்கிலிருந்து கொள்கலனின் உட்சுவரில் தடித்த பழுப்புத் தாள் ஒட்டவும், ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூரையோரமாகத் தொங்கவிடவும், மேல் அடுக்குக்கும் கூரைக்கும் இடையில் காற்றுக்கு இடம் விடவும் சொல்லி, தம் கையால் படம் வரைந்து அஞ்சலில் அனுப்பினார். அந்தப் படம் விருதுநகரில் என் கிட்டங்கிச் சுவரில் இன்றும் ஒட்டியிருக்கிறது.

நான்காம் நாள்: ஈசூன்

இன்று நினைவு நாள். திதி சென்ற வாரமே வந்து போய்விட்டது, நாள்காட்டிப்படி இன்று. காலையில் தமிழ் முரசை முதலில் வாங்கிவந்தது பேரன். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய இந்த நாளிதழை அண்ணாச்சி கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நினைவஞ்சலிப் பக்கத்தில் தெரிந்தவர் முகம் இருந்தால், அன்று மதியத்துக்குள் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுவார். இன்று அந்தப் பக்கத்தில் அவர் முகம் இருந்தது. கீழே, பேரப்பிள்ளைகளுக்கு அடுத்த வரியில், கூட்டாளி என்று அச்சாகியிருந்தது.

மதினி படையல் போட்டார். வாழை இலையில் உளுந்தங்களி, அதன் குழியில் நல்லெண்ணெய், நான் கொண்டுவந்த கருப்பட்டி, சாத்தூர் காராச்சேவு. இலையின் வலப்பக்கம் ஒரு கண்ணாடிக் குவளையில் கோப்பி ஓ கொசோங். பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தக் கறுப்புக் கோப்பியைத்தான் நீரிழிவு வந்த பிறகு அவர் குடித்துவந்தார். "நாள் முழுக்க இதைத்தான் குடிச்சாங்க, படையல்ல மட்டும் எதுக்குப் பால் ஊத்தணும்?" என்று மதினி சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார்கள். துணி முடிச்சை அவிழ்த்து வத்தலைப் படத்தின் முன்னே வைத்தேன்.

வந்தவர்களில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவரை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனாவால் சிங்கப்பூர் முடங்கியிருந்த வாரங்களில், கடையில் உட்கார்ந்து உண்ண யாரும் வர முடியாத நிலையில், அண்ணாச்சி அவருக்குச் சரக்கை நிறுத்தவில்லை. கொடுத்ததை ஒவ்வொரு நாளும் எழுதினார். நிலைமை சீரானதும் மாதம் இவ்வளவு என்று தவணை பேசி, ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடத் தள்ளுபடி செய்யாமல் முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசித் தவணைக்கு ரசீதும் கொடுத்தார். அந்த ரசீதை அவர் பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "சும்மா கொடுத்திருந்தா நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமப் போயிருக்கும்ணே" என்றார். அண்ணாச்சியை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் இவரும் ஒருவர் என்று எனக்குப் பட்டது.

ஐந்தாம் நாள்: டேங்க் ரோடு, கடை

காலையில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். 1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் இங்கே வந்து சேரும். ஆண்டுதோறும் நானும் அண்ணாச்சியும் காவடிகளுக்குப் பக்கவாட்டில் அந்த வழி முழுவதையும் நடந்துவிட்டு, மறுநாள் கணக்குப் பார்க்க உட்காருவோம். பூசத்துக்கு மறுநாள்தான் எங்களுக்கு ஐந்தொகை. அந்தச் சொல்லையும் அவர் நகரத்தாரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களில் இடிபட்டுப் போயின. அவற்றை அண்ணாச்சி பார்த்ததில்லை. ஆனாலும், சுவர் இல்லாமல் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள் என்றால் அவர்கள் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தைப்பூசத்திலும் சொல்வார்.

பிற்பகலில் கடையில் பேரேடுகளை எடுத்து வைத்தோம். அரசுக்குக் காட்ட வேண்டிய கணக்கைக் கணக்காளர் கணினியில் ஆங்கிலத்தில் எழுதிவந்தார். இது எங்கள் இருவருக்காக அண்ணாச்சி தமிழில் எழுதியது. ஆண்டுக்கு ஒன்றாக 23 பேரேடுகள், ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழியும் லாபம் என்ற சொல்லும். சில பக்கங்களின் ஓரத்தில் மஞ்சள் தூள் பட்ட விரல் ரேகை பதிந்திருக்கிறது. ஐந்தொகை அன்று அவர் வாசிக்க நான் கேட்பேன். கடைசிப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திடுவோம். புத்தகத்தை வாங்கி நானாகப் புரட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை.

இன்று 2007ஆம் ஆண்டுப் பேரேட்டைப் புரட்டினேன். நான் எதைத் தேடினேன் என்பது உங்களுக்குத் தெரியும். சரக்கு விலை, லாரி வாடகை, பரிசோதனைக் கட்டணம், அழித்த செலவு, மூட்டை இறக்கிய ஆட்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்த 3 வெள்ளி 60 காசு வரை எழுதி, கூட்டி, இரண்டாக வகுத்து, என் பற்றில் 7,412 வெள்ளி 35 காசும், அவர் பற்றில் 7,412 வெள்ளி 35 காசும் போட்டிருந்தார். என்மேல் இரக்கப்பட்டு ஒரு காசும் குறைக்கவில்லை. எனக்குத் தெரியாமல் தம் பங்கைக் கூட்டிக்கொள்ளவும் இல்லை. அதற்குக் கீழே, காரணம் எழுதும் இடத்தில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரே வரி: "மழையில் ஏற்றியது. நம் கவனக் குறைவு."

தூத்துக்குடியில் நான் ஏற்றிய சரக்கை மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இங்கே இருந்தவர் எப்படிக் கவனித்திருக்க முடியும்? என் கவனக் குறைவு அது. நான் மட்டுமே செய்த தவறு. யாரும் படிக்கப் போகாத ஒரு புத்தகத்தில், நான் பார்ப்பேன் என்ற எண்ணமே இல்லாமல், அவர் "நம்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிப்பந்தி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பங்காளிகளில் ஒருவர் இறந்தவுடனே கூட்டு கலைந்துவிடும் என்பதுதான் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் சட்டம். அண்ணாச்சி 2001லேயே எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்கச் சொன்னார்: ஒருவர் போனால், மற்றவரும் வாரிசும் ஓராண்டு கடையை நடத்திவிட்டு, தொடர்வதா முடிப்பதா என்று நிதானமாக முடிவு செய்ய வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். மகள் தன் முடிவை இன்று சொன்னாள். அவளுக்கு நல்ல வேலை இருக்கிறது. கடையை நடத்த நேரமில்லை. மனமில்லாமல் நடத்தினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றாள். என்னைப் பார்க்கவே தயங்கினாள். அவள் சொன்னது சரி என்று நான் மனதாரச் சொன்னேன். இருப்புச் சரக்கைச் சிப்பந்தியும் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்து வணிகர் ஒருவரும் வாங்கிக்கொள்கிறார்கள். நிறுவனப் பதிவை முடிக்கும் வேலையைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

கடைசி ஐந்தொகையை நான் எழுதினேன். என் கையெழுத்து அவருடையதைப் போல அழகாக இல்லை. கூட்டலை மகள் இரண்டு முறை சரிபார்த்தாள். நான் வழக்கமான இடத்தில் கையெழுத்திட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். இடப்பக்கம் அவள் அப்பா கையெழுத்திடும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வரியைக் காட்டினேன்.

ஆறாம் நாள்: சாங்கி – விருதுநகர்

காலை விமானம். புறப்படும் முன் மதினி ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தார். கல்லாவுக்கு மேலே இருந்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று அதில் இருந்தது. "ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு" என்றார். பேரேடுகளில் 2007ஐ மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவை மகளிடம் இருக்கும்.

திருச்சியில் இறங்கி, மதுரை வழியாகப் பேருந்தில் விருதுநகர் வந்து சேரும்போது மாலை ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே கிட்டங்கிக்குப் போனேன். அவர் வரைந்து அனுப்பிய படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினேன். சிங்கப்பூரில் இத்தனை ஆண்டுகளும் நம்மூர் நேரத்துக்கே ஓடிய கடிகாரம் அது. முள்ளைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.